கிழக்கு முனையில் விழுந்தது

எடுத்தாச்சுன்னு சொல்லிட்டேன். எடுக்கலை. எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு ரன்வேயோட கிழக்கு முனையில ஒரு பருந்தைச் சுட்டேன். அது விழுந்துச்சு. விழுந்ததை நானே பார்த்தேன். புல்லுக்குள்ள இறங்கித் தேடினேன், கிடைக்கலை. அதுக்குள்ள வாக்கி டாக்கியில டவர்லேருந்து குலசேகரன் சார்ஜென்ட் கேட்டாரு, "கிழக்கு முனை, பறவையை எடுத்தாச்சா?" எடுத்தாச்சு சார்னு சொன்னேன். ஒரு வார்த்தை, வாயிலேருந்து தானா வந்துடுச்சு, வணக்கத்துக்குக் கை தானா எழும்புற மாதிரி. சம்யுக்தா மேடம் பயிற்சி விமானத்தைக் கிளப்பிக்கிட்டு மேற்கே பார்த்துப் போயிட்டாங்க. எட்டு அம்பத்தஞ்சுக்கு இதே கிழக்கு முனை வழியா இறங்குவாங்க. இப்போ மணி எட்டு பதினெட்டு. செத்த பருந்து தரையில கிடந்தா மத்த பருந்து அதைத் தின்ன இறங்கும், ஒண்ணு இறங்குறதைப் பார்த்து நாலு வரும், நாலைப் பார்த்துப் பத்து வரும், பத்தும் சரியா விமானம் இறங்குற பாதையில வட்டம் போடும். அதனாலதான் சுட்டா மட்டும் போதாது, எடுக்கணும், எடுத்துச் சாக்குல போட்டுக் கட்டணும், கட்டின அப்புறம்தான் எடுத்தாச்சுன்னு சொல்லணும். நாலு வருஷமா அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு வார்த்தை முந்திக்கிச்சு. சரி, முப்பத்தேழு நிமிஷம் இருக்கு. தேடி எடுத்துட்டா சொன்னது பொய்யில்லை, கொஞ்சம் முன்னாடி சொன்ன நெஜம், அவ்வளவுதானே ஏகாம்பரம்.

துப்பாக்கியை நடுவுல மடிச்சு இடது முழங்கையில தொங்க விட்டுக்கிட்டு நடக்கிறேன். ரெட்டைக் குழல், பன்னண்டு போர்ங்கிற ரகம். இடுப்புப் பட்டையில நாலாம் நம்பர் தோட்டா நாலு, செவப்பு பிளாஸ்டிக், ஒவ்வொண்ணுலயும் மிளகு அளவு ரவை நூத்தெழுபதுக்கு மேல. அஞ்சு வாங்கினேன், ஒண்ணு சுட்டாச்சு, அந்தக் காலித் தோட்டா சட்டைப் பையில கெடந்து கருமருந்து வாசனை அடிக்குது. காலியைக் கூட எண்ணித்தான் திருப்பி வாங்குவான் ஆயுத அறையில. காலி இருக்கு, பறவை இல்லை. இதை யார்கிட்ட போய்ச் சொல்ல. புல்லை வரிசை பிடிச்சுத் தேடணும், வயல்ல களை எடுக்கிறவங்க மாதிரி, இந்த விளக்குக் கம்பத்துலேருந்து அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் ஒரு வரிசை, ரெண்டடி தள்ளித் திரும்பி இன்னொரு வரிசை. பருந்து அடிபட்டா நேரா கல்லு மாதிரி விழும், காத்து அடிச்சாலும் அஞ்சாறு அடிக்கு மேல நகராது. ஆடிக் காத்து மேற்கேயிருந்து தள்ளுது, அதனால பத்தடின்னே வச்சுக்கிட்டேன். பத்தடியும் பார்த்தாச்சு. கறுப்பா ஒண்ணு தெரிஞ்சுது, குனிஞ்சா எரிஞ்ச புல்லு. இன்னொண்ணு தெரிஞ்சுது, பழைய டயர்த் துண்டு, அதை எடுத்துப் பையில போட்டேன், அதுவும் ரன்வேகிட்ட கெடக்கக் கூடாத சாமான்தான். கிழக்கே வெயில் மூஞ்சில அடிக்குது. வெயில்தான். வேற ஒண்ணும் இல்லை. பிலவேந்திரன் தீயணைப்பு வண்டிக் கொட்டகையில உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருப்பான். நாங்க ரெண்டு பேர்தான் இந்த முனைக்கு, நாள் விட்டு நாள் மாத்தி மாத்தி. வாக்கியில ஒரு வார்த்தை சொன்னா ஜீப்பை எடுத்துக்கிட்டு மூணு நிமிஷத்துல வந்துடுவான், வந்து, "என்னண்ணே, காலுக்கு முன்னாடி கெடக்குது"ன்னு எடுத்துக் குடுப்பான். அதுக்காகத்தான் அவனைக் கூப்பிடலை. கெடைக்கலைன்னு டவருக்குச் சொல்லியிருந்தா அவனைத்தான் அனுப்பியிருப்பாங்க. இப்போ புரியுது, வார்த்தை தானா வரலை. நானாத்தான் சொன்னேன்.

எட்டு இருபத்தஞ்சு. ராணுவத்துல இருந்தப்போ வடகிழக்கு மூங்கில் காட்டுல இதே பன்னண்டு போரைத்தான் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தேன், ஆனா அது ஒத்தைக் குழல், கீழ்ப்பிடியை இழுத்துத் தள்ளினா அடுத்த தோட்டா ஏறும். எல்லாருக்கும் ரைஃபிள், முதல் ஆளுக்கு மட்டும் இது. அந்தக் காட்டுல பத்தடிக்கு மேல பார்வை போகாது, பத்தடியில ஒருத்தன் எழுந்து நின்னா குறி பார்க்க நேரம் ஏது, சும்மா அந்தத் திசையில நீட்டி அமுக்குனா போதும்னு குடுத்தாங்க. அதுல போடுறது எல்.ஜி. தோட்டா, உள்ள ஆறே ஆறு குண்டு, ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் நுனி பருமன். ஒருத்தனுக்கு ஆறும் வேணாம், ஒண்ணு போதும். அப்போ தோட்டா எல்லாம் அட்டை. மழையில அட்டை ஊறி உப்பிப் போயிடும், குழலுக்குள்ள போகாது, பாதியில சிக்கிக்கும். எங்க ஹவில்தார் குஞ்சிதபாதம், சீர்காழிக்காரரு, ராத்திரிச் சாப்பாடு ஆனதும் ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டு குடுப்பாரு, ஒவ்வொரு தோட்டாவையும் மேல கீழ தேய்க்கணும், கையில பளபளன்னு வரணும். "பொண்டாட்டி காலைக் கூட இவ்வளவு பக்குவமா பிடிச்சிருக்க மாட்டடா நீ"ன்னு சிரிப்பாரு. அந்தாளுக்கு வாய் ஓயாது, எல்லாத்துக்கும் கிண்டல், நடந்தா கிண்டல், தும்முனா கிண்டல். ஆனா ஒண்ணுக்கு மட்டும் கிண்டல் கிடையாது. முன்னாடி போறவனுக்குச் சந்தேகம் வந்தா இடது கையை விரிச்சுத் தோளுக்கு மேல தூக்கணும். தூக்கிட்டா பின்னாடி வர்றவன் எல்லாம் அப்படியே உக்காந்துடணும். ஏன்னு கேட்கக் கூடாது. அப்புறமும் கேட்கக் கூடாது. எங்க பிளட்டூன்ல அதுக்குச் சந்தேகக் கைன்னு பேரு. ஒரு நாள் தூக்கினேன். மூங்கில் புதருக்குள்ள ஒரு ஆள் குத்த வச்சு உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. பத்தொன்பது பேர் சேத்துல உக்காந்தோம், மழை ஊத்துது, அட்டைப்பூச்சி கால்ல ஏறுது, ஒரு மணி நேரம். அப்புறம் காத்து திரும்புச்சு, அந்த ஆள் வளைஞ்சு நிமிர்ந்தான், ஒடிஞ்ச மூங்கில். அங்க ஒண்ணுமே இல்லை. முகாமுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தன் வாயைத் திறக்கலை, குஞ்சிதபாதம் உள்பட. ராத்திரி எப்பவும் போல மெழுகுவர்த்தி குடுத்தாரு, எப்பவும் போல பொண்டாட்டி காலைச் சொன்னாரு. எனக்குத்தான் கூச்சமா இருந்துச்சு, ஒரு வாரம்.

எட்டு முப்பத்திரண்டு, ஏழு வரிசை முடிஞ்சுது. மேடத்தை நினைக்காம இருக்கணும்னு பார்க்கிறேன், முடியலை. திருச்சிக்காரப் பொண்ணு, இருபத்தஞ்சு இருக்கும், என் மகளை விட மூணு வயசு சின்னது. போன மாசம் விமானம் ரிப்பேர்னு பறக்காம இருந்த ஒரு நாள், நடந்தே இந்த முனைக்கு வந்துச்சு. ஆபீசர் வந்தா எழுந்து நின்னு சல்யூட் அடிக்கணும், அடிச்சேன். அது, "உக்காருங்க ஐயா, தோட்டா ஒண்ணு பார்க்கலாமா"ன்னு கேட்டுச்சு. குடுத்தேன். காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்த்துச்சு. உள்ள ரவை இறுக்கமா அடைச்சிருக்கும், சத்தம் வராது மேடம்னேன். எவ்வளவு உயரத்துல பருந்து பட்டு எஞ்சின் நின்னா தப்பிக்க முடியாதுன்னு அதுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அதைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை. போறப்போ சொல்லிட்டுப் போச்சு, "இறங்குறப்போ ஆயிரம் வேலை இருக்கும் ஐயா. நீங்க கீழ இருக்கீங்கன்னு நான் பறவையைப் பார்க்கிறதே இல்லை." சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பாரக்ல ரெண்டு சப்பாத்தி கூடச் சாப்பிட்டேன். இப்போ அதே வார்த்தையை நினைச்சுக்கிட்டே எட்டாவது வரிசைக்குத் திரும்புறேன். பார்க்கிறதே இல்லையாம். பாரும்மா, கொஞ்சம் நீயும் பாரு.

கண்ணைக் கசக்கினேன். வலது கண்ணுல ஒரு வருஷமா ஒரு மூட்டம். முகம் பார்க்கிற கண்ணாடி மேல ஆவி படிஞ்ச மாதிரி, தொடைச்சா போயிடும்னு தோணும், போகாது. ஊருக்கு லீவுல போனப்போ ஒரு டாக்டரம்மா பார்த்துட்டுப் புரைன்னாங்க, இடது கண்ணுலயும் ஆரம்பம், வெயில்ல தூரத்துல உள்ளது வெளுத்துத்தான் தெரியும்னாங்க, ஆபரேஷன் பண்ணிக்கங்கன்னாங்க. பண்ணிக்கலாம். பண்ணினா ரிக்கார்டுல ஏறும், ஏறினா துப்பாக்கியை வாங்கிட்டு கேட்டுல வண்டி நம்பர் எழுத உக்கார வைப்பாங்க, இல்லை வீட்டுக்கே போன்னுடுவாங்க. வீட்டுல யாரு. பொண்டாட்டி செல்லம்மா போய் அஞ்சு வருஷம் ஆச்சு. மக துபாய்ல. வீட்டுல ஒரு கட்டில், ஒரு டிவி, எதுத்த வீட்டு நாய். எனக்குப் பயம்தான், வேற என்ன, பயம். இருபது வயசுலேருந்து காலையில எழுந்தா ஒரு இடத்துல நிக்கணும், அந்த இடத்துக்கு நான்தான் பொறுப்பு, அது இல்லாம எழுந்து பழக்கம் இல்லை. அதனால கண் பரிசோதனையில ஏமாத்தினேன். அது பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. மருத்துவ அறையில நாலு வருஷமா அதே எழுத்து அட்டைதான் தொங்குது. வரிசையில முன்னாடி நிக்கிறவன் சத்தமா படிக்கிறான், கடைசிக்கு முன் வரி, டி, ஈ, எஃப், பி, ஓ. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன தடவை ரொம்ப வேகமா சொல்லிட்டேன்னு பயந்து, நடுவுல ஒரு எழுத்துக்கு யோசிக்கிற மாதிரி நடிச்சேன். கம்பவுண்டர், "இந்த வயசுலயும் கழுகுக் கண்ணு உங்களுக்கு"ன்னான். போன மாசக் கூட்டத்துல பெரிய ஆபீசர் எழுந்து நின்னு, ஏகாம்பரம் டியூட்டியில பறவைத் தொல்லை முக்கால்வாசி குறைஞ்சிருக்குன்னு சொல்லிக் கை தட்டச் சொன்னாரு. ரிஜிஸ்டர்ல இருக்கு. தினமும் எத்தனை பறவை பார்த்தோம்னு எழுதணும். போன வருஷம் என் கையெழுத்துல முப்பது, முப்பத்தஞ்சு. இந்த வருஷம் எட்டு, பத்து. பிலவேந்திரன் நாள்ல இன்னமும் இருபத்தேழு, முப்பத்தொண்ணு. அவனைக் கிண்டல் பண்ணினேன், "உன் மூஞ்சியைப் பார்க்கத்தாண்டா பருந்தெல்லாம் தேடிக்கிட்டு வருது." அவன் சிரிக்கலை. டீ கிளாஸைக் கழுவப் போயிட்டான்.

எட்டு நாப்பத்தொண்ணு. மதில் ஓரமா மழைத்தண்ணி போற கால்வாய், அதுக்குப் பக்கத்துல ஒரு வேலிக்காத்தான் செடி, அதுல மாட்டிக்கிட்டு ஆடுது. கறுப்பா. நான் சுட்ட இடத்துலேருந்து அறுபதடி. இவ்வளவு தூரம் வருமா ஒரு பருந்து. உயிர் இருந்து பறந்து வந்து விழுந்திருக்கும். கிட்டப் போறேன், றெக்கை அடிக்குது, இன்னும் சாகலை பாவம்னு நினைச்சேன். கையை நீட்டினேன். கேரி பேக். கறுப்பு கேரி பேக், கறிக்கடையில குடுக்கிறது, காது முள்ளுல மாட்டிக் காத்துல படபடன்னு அடிச்சுக்குது. மொதல்ல சிரிப்பு வந்துச்சு. அப்பாடா, பருந்து இல்லை, செத்தது எதுவும் தரையில கெடக்கலை, எதுவும் இறங்காது, மேடம் நிம்மதியா வரலாம். வேற பையா இருக்கும்னு விரிச்சுப் பார்த்தேன். மிளகு அளவு ஓட்டை. வெயிலுக்கு நேரா பிடிச்சா ஒவ்வொண்ணு வழியாவும் ஒரு பொட்டு வெளிச்சம். எண்ணினேன், இருபத்துமூணு. நல்ல சூடு. நடுவுல பிடிச்சிருக்கேன். கை பழுதில்லை. குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து காத்துல உப்பி மேல ஏறி வந்திருக்கு, நான் பருந்துன்னு அடிச்சிருக்கேன், ஓட்டை விழுந்ததும் காத்து எறங்கிச் சரிஞ்சு தள்ளிக்கிட்டு வந்திருக்கு. பையை மடிச்சுப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டா கதை முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. எடுத்தாச்சுன்னு சொன்னதும் ஒரு வகையில சரிதான், இதோ எடுத்தாச்சே.

மடிச்சேன். பாக்கெட்டுல வச்சேன். என் காவல் கூண்டுக்குத் திரும்பி நடந்தேன். பத்தடி வச்சிருப்பேன், கால் நின்னுடுச்சு. பையைப் பார்த்துப் பருந்துன்னு நினைச்சது இருக்கட்டும் ஏகாம்பரம், அதைப் பத்திச் சிரிச்சுக்கலாம். பருந்தைப் பார்க்காமலே விட்டது எத்தனை. முப்பத்தஞ்சு எட்டாச்சே. அந்த இருபத்தேழும் எங்க போச்சு. எங்கயும் போகலை. ஆபீசர் கை தட்டச் சொன்னாரே, அது எதுக்கு, என் கண்ணு அவிஞ்சதுக்கா. ஒரு வருஷமா ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தப் பாதையில பருந்து இருந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு, நான் அண்ணாந்து பார்த்து, மேல ஒண்ணும் இல்லை சார்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன், அவங்க என் வார்த்தையை நம்பி இறங்கிக்கிட்டு இருந்திருக்காங்க. பிலவேந்திரனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் அவன் சிரிக்கலை. அண்ணாந்து பார்த்தேன். வெள்ளையா இருக்கு. கிழக்கே, தெற்கே, நேர் உச்சியில, எல்லாம் வெள்ளை, சுத்தமா, துவைச்ச வேட்டி மாதிரி. இதைத்தான் நான் தினமும் வானம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். ஒருவேளை நெஜமாவே ஒண்ணும் இல்லாம இருக்கலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் கறிக்கடைக் கழிவு கொட்டுறதை நிறுத்திட்டதா சொன்னாங்களே. ஒண்ணும் இல்லாத வானத்துக்காக விமானத்தை நிறுத்தி, என்னையும் நிறுத்தி, எதுக்கு. இன்னைக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்கு நானா போய்ச் சொல்லிக்கலாம், சாயங்காலம் கூடச் சொல்லிக்கலாம்.

வாக்கி கரகரன்னுச்சு. "கிழக்கு முனை, கிழக்கு முனை. விமானம் ஆறு நிமிஷத்துல இறங்குது. பறவை நிலவரம் என்ன?" எட்டு நாப்பத்தொன்பது. பட்டனை அமுக்கினேன். மேல ஒண்ணும் இல்லை சார், அதுதான் சொல்லி வாய் பழகின வார்த்தை, நாக்கு நுனியில வந்து நிக்குது, தள்ளி விட்டா போதும். பட்டனை விட்டுட்டேன். கிழக்கே எங்கேயோ விமானச் சத்தம் ஈ மாதிரி ஆரம்பிச்சிடுச்சு. "கிழக்கு முனை, கேட்குதா?" துப்பாக்கியைத் தரையில வச்சேன். ஏன்னு தெரியலை, இடது கையை விரிச்சுத் தோளுக்கு மேல தூக்கினேன். பின்னாடி யாரும் இல்லை, நாலு ஏக்கர் புல்லுதான். அப்படியே நின்னுக்கிட்டு வலது கையால பட்டனை அமுக்கினேன். "சார், ஏகாம்பரம் பேசுறேன். விமானத்தை இறக்காதீங்க. எனக்கு வலது கண்ணுல புரை சார், மேல பறவை இருக்கா இல்லையான்னு என்னால சொல்ல முடியாது. காலையில எடுத்தாச்சுன்னு சொன்னது பொய். அது பறவையே இல்லை, கேரி பேக். பிலவேந்திரனை அனுப்புங்க." ஏசுவாருன்னு நினைச்சேன். குலசேகரன், "சரிண்ணே, மேலயே சுத்தச் சொல்லிடுறேன்"னாரு. அவ்வளவுதான். ஏன்னு கேட்கலை.

மூணு நிமிஷம் ஆகுறதுக்கு முன்னாடியே ஜீப் வந்துடுச்சு. பிலவேந்திரன் குதிச்சான், சட்டையில பாதி பட்டன் போடலை. என் மூஞ்சியைப் பார்க்கலை, நேரா மேல பார்த்தான். "அண்ணே, மூணு நிக்குது. சரியா பாதையில." அவன் நீட்டின விரல் வழியா நானும் பார்த்தேன். "எங்கடா?" "அங்கதாண்ணே, கம்பத்துக்கு நேர் மேல. தாழத்தான் சுத்துது." வெள்ளை. அதே சுத்தமான வெள்ளை. பட்டையிலேருந்து ரெண்டு தோட்டா உருவிக் குடுத்தேன், துப்பாக்கியை எடுத்துக் குடுத்தேன், அவன் மடிச்சுப் போட்டு நிமிர்த்தித் தோள்ல வச்சான். ஒரு சூடு. இன்னொரு சூடு. காது அடைச்சுக்கிச்சு. அப்புறம், எனக்கு நாலடி தள்ளி, புல்லுல பொத்துன்னு ஏதோ விழுந்துச்சு. ஒண்ணுமே இல்லாத இடத்துலேருந்து வந்து விழுந்துச்சு. "மத்த ரெண்டும் மதிலைத் தாண்டிடுச்சுண்ணே, இப்போதைக்கு வராது"ன்னான். நான் மண்டி போட்டுக் கையால தடவினேன். இறகு, சூடு, உள்ளங்கையில அதோட எடை. ஒரு கிலோ இருக்காது. இது போதும் ஒரு எஞ்சினுக்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு எழுந்திருச்சேன். சாக்கை அவன் விரிச்சுப் பிடிச்சான், உள்ள போட்டு வாயைக் கட்டினேன், ரெண்டு முடிச்சு. வாக்கி கரகரன்னுச்சு. "கிழக்கு முனை, எடுத்தாச்சா?" பிலவேந்திரன் வாக்கியை எடுத்தான், பதில் சொல்ல வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், என்கிட்டயே நீட்டினான். "எடுத்தாச்சு சார்"னேன். சத்தம் கிழக்கேயிருந்து பெருசாகிக்கிட்டே வந்து தலைக்கு மேல கடந்து போச்சு, எந்த இடத்துலன்னு எனக்குத் தெரியலை. சக்கரம் தரையில பட்டது மட்டும் கேட்டுச்சு, மொதல்ல பின் சக்கரம் ரெண்டும், அப்புறம் முன் சக்கரம்.